கூரையில் தொடங்கும் குளிர்ச்சி: கேம்பல் பே வீடுகளும் மின்கட்டணமும்

கேம்பல் பேயில் கடிகாரம் பதினொன்றேகாலை நெருங்கும்போதே உச்சிப்பொழுது வந்துவிடுகிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையிலுள்ள இந்த ஊர் ஏறக்குறைய 94 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், இங்கே பொழுது முக்கால் மணி நேரம் முந்திக்கொள்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம் வருவதற்குள் கூரைகள் நன்றாகக் காய்ந்திருக்கும். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதன் பிறகு விளக்கு, விசிறி, ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்.

கன்னியாகுமரியைவிடத் தெற்கே, 7 பாகை வட அட்சரேகையில் இருக்கும் ஊர் இது. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் முதல் வாரத்தையும் செப்டம்பர் முதல் வாரத்தையும் ஒட்டி, சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆனாலும் வேலூரைப் போலவோ மதுரையைப் போலவோ இங்கே 40 டிகிரி வெயில் அடிப்பதில்லை. பகலில் 30, 32 டிகிரி செல்சியஸ். இரவில் 23, 24. நாலாபுறமும் கடல் சூழ்ந்திருப்பதால் ஆண்டு முழுக்க வெப்பநிலை பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஊட்டிக்காரர்களைப் போல வீட்டைச் சூடாக்கச் செலவழிக்க வேண்டிய தேவை இந்த ஊருக்கு ஒருநாளும் இல்லை. எண்ணை மட்டும் பார்த்தால் இதமான ஊர் என்றே தோன்றும். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கோ புழுக்கம் தாங்காது.

வெப்பமானியில் 30 டிகிரி, உடம்பில் பெருந்துன்பம். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால், ஒரு வீட்டின் மின்கட்டணத்தில் பெரும்பகுதியைக் குறைக்கும் வழி தெரிந்துவிடும்.

கப்பலில் வரும் யூனிட்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்படவில்லை. 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கேபிள் வந்தது. அது கேம்பல் பே வரை நீண்டு இணையத்தைக் கொண்டுவந்தது. மின்சாரத்துக்கு அப்படியொரு கேபிள் கிடையாது. ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டியதைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. அதில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டரில் பிறப்பது. அந்த டீசல் மெயின்லேண்டிலிருந்து கடல்வழியாக வர வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலில் ஒரு ஜெனரேட்டர் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தரும். அப்படியானால் நம் வீட்டு மீட்டரில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டருக்கு மேல் டீசல் எரிகிறது. ஏறக்குறைய முக்கால் கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. இதன் முழு விலையை மக்களிடம் வாங்கினால் கை கடிக்கும் என்பதால் அரசு பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. கட்டணத்தை இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் குறைந்த விலை, ஸ்லாப் ஏற ஏறக் கூடுதல் விலை என்பது ஏற்பாடு. ஆகவே ஒரு வீடு சேமிக்கும் கடைசி ஐம்பது யூனிட்தான் அந்த வீட்டின் மிக விலையுயர்ந்த ஐம்பது யூனிட். குடும்பத்துக்கும் லாபம், தீவுக்கும் லாபம் என்று இரண்டும் ஒரே திசையில் போகும் அரிய விஷயங்களில் இது ஒன்று.

உடம்பு என்ன கேட்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பும் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ள வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. தோலை உரசிப் போகும் காற்று கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வியர்வை ஆவியாகும்போது கொஞ்சம் போகும். சுற்றியுள்ள சுவர், கூரை போன்ற பரப்புகளை நோக்கி உடம்பு கதிர்வீச்சாகவும் வெப்பத்தை இழக்கும். அந்தப் பரப்புகள் தோலைவிடச் சூடாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அவை நம்மைச் சுடும். எரியும் விறகடுப்பின் முன் நிற்பவரின் முகம், இடையிலுள்ள காற்று சூடாகும் முன்பே காந்துவதைப் போன்றது இது.

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஆர். சர்மா, ஷராஃபத் அலி இருவரும் 1986இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். வெப்பமண்டலக் கோடைக் குறியீடு என்பது அதன் பெயர். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் கதிர்வீச்சையும் சேர்த்துக் காட்டும் கோள வெப்பமானியின் அளவு, காற்றின் வேகம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவது. 25 முதல் 30 வரை இருந்தால் பெரும்பாலான இந்தியர்களுக்கு இதமாக இருக்கும். நம் நாட்டு மனிதர்களை வைத்தே உருவாக்கிய குறியீடு என்பது அதன் சிறப்பு.

இதை கேம்பல் பேயின் ஒரு பகலுக்குப் பொருத்திப் பார்ப்போம். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய 28 வரும். காய்ந்த தகரக் கூரையின் கீழ், காற்று அசையாத அறையில் கோள வெப்பமானி 35 காட்டினால், குறியீடு முப்பத்தைந்தரை. அதே அறையில் கூரையின் கதிர்வீச்சைத் தடுத்து, கோள வெப்பமானியை வெளிக்காற்றின் 30 டிகிரிக்கே கொண்டுவந்துவிட்டால் குறியீடு 32க்கு இறங்கும். அதோடு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால் 30க்கு வந்துவிடும்.

காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரிகூடக் குறைக்காமல், முப்பத்தைந்தரையிலிருந்து இதமான எல்லையின் வாசலுக்கு வந்துவிட்டோம். இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவதும் இதுதான்: கேம்பல் பேயில் காற்று அவ்வளவு சூடில்லை. கூரையின் வெக்கையைத் தடுத்துக் காற்றை ஓடவிட்டாலே வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இயந்திரத்தின் தேவை அதற்குப் பிறகுதான் வரும்.

தகரத்தின் வெக்கை

தெளிந்த நாளின் உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. 600 சதுர அடிக் கூரை என்றால் 56 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு மூச்சாக ஓடினால் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் ஐந்தேகால் கிலோவாட். பத்து ஏ.சி.களுக்கான வேலை ஒரு கூரையின் மேல் வந்து விழுகிறது. அதில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது கூரையின் நிறமும் அதன் அடியில் நாம் வைக்கும் அடுக்கும்தான்.

கிரேட் நிக்கோபாரில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம், பஞ்சாப் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த 330 குடும்பங்கள் அளவில் இங்கே நிலம் பெற்றன. கேம்பல் பேயிலிருந்து தெற்கே போகும் சாலையை ஒட்டி கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கமும் சுனாமியும் கரையோர வாழ்வைக் குலைத்துப் போட்டன. தீவின் தென்முனையான இந்திராமுனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. உயிர் பிழைத்தவர்களுக்கு அவசரமாகப் போட்டுக் கொடுத்தவை தகரக் கொட்டகைகள். கூரையும் தகரம், சுவரும் தகரம். மேற்குக் கரையில் தங்கள் ஊர்களை இழந்த நிக்கோபாரி மக்களும் ராஜீவ் நகரில் அந்தத் தகரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாத சூடு என்பதே அவற்றைப் பற்றிய பொதுவான முறையீடாக இருந்தது.

இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. தகரம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. வெயில் பட்ட சில நிமிடங்களில் அறுபது டிகிரிக்கு மேல் போய்விடும். புதுத் தகரத்தின் பளபளப்பான அடிப்பக்கம் குறைவாகவே கதிர்வீசும். உப்புக்காற்றில் துருவேறி மங்கிய பிறகு, அதே தகரம் அந்த வெப்பத்தை முழு வேகத்தில் கீழே அனுப்பும். 65 டிகிரியிலுள்ள துருத்தகரம், 30 டிகிரியிலுள்ள பரப்பைவிடச் சதுர மீட்டருக்கு 200 வாட் அளவில் கூடுதலாக நம் தலைமீது வீசுகிறது. கூரை பழசாகப் பழசாக வீடு சூடாவதன் மர்மம் இதுதான்.

பரிகாரங்களில் முதலாவது வெள்ளை நிறம். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பரப்பு வெயிலில் 70 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பும். பழைய கான்கிரீட்டோ முப்பது விழுக்காட்டைத்தான் திருப்பும். தமிழ்நாட்டில் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலிக்காது. ஆண்டுக்கு மூன்று மீட்டர் அளவில் மழை பெய்யும் தீவு இது. சுண்ணாம்பு ஒரே பருவத்தில் கரைந்து போகும். தங்கியதன்மேல் கரும்பாசி படரும். கருத்த பாசி படர்ந்த வெள்ளைக்கூரை கறுப்புக்கூரைதான். எனவே அக்ரிலிக் வகைக் குளிர்கூரைப் பூச்சு அடிக்க வேண்டும், தண்ணீர் தேங்காத வாட்டம் வேண்டும், ஆண்டுக்கொரு முறை பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மழை சற்று ஓய்ந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் அதற்கு ஏற்றவை. உச்சிவெயில் தலைக்கு வரும் ஏப்ரலுக்கு முன் வேலையும் முடிந்திருக்கும்.

இரண்டாவது பரிகாரம், தகரத்துக்கும் தலைக்கும் இடையில் ஓர் அடுக்கு. மூங்கில் தட்டியோ பலகையோ ஜிப்சம் தகடோ எதுவானாலும், அது தகரத்தின் நேரடிக் கதிர்வீச்சை மறித்துவிடும். தட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் காற்று போய்வர வழி வைத்தால், சூடான காற்று தானாகவே மேலேறி வெளியேறும். பளபளப்பான அலுமினியத் தாளைத் தட்டியின்மேல் ஒட்டாமல், தகரத்தின் அடியில் தொங்கவிட்டு, பளபளக்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்கச் செய்வது இன்னும் சிறப்பு. அந்தப் பக்கத்தில் தூசி படியாது. அந்தத் தாள் கதிர்வீச்சாக வீசுவது மிகச் சொற்பம்.

தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் தகரத்தின்மேல் கீற்றுப் போடலாமே என்று தோன்றும். உலர்ந்த ஊர்களில் அது நல்ல வழி. இங்கே நனைந்த கீற்று ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். பின்னிய கீற்றைத் தகரத்தின் அடியில், இடைவெளி விட்டு, சமையலடுப்பிலிருந்து தள்ளிக் கட்டுவதே பொருத்தம்.

கான்கிரீட் மாடி வீடுகளின் கதை வேறு. தளம் பகலெல்லாம் வெப்பத்தை உள்ளே வாங்கிச் சேமித்து, மாலையில் எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் கீழே இறக்கும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புகளுக்கான எரிசக்திக் கட்டட விதியான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’, கூரை வழியே வெப்பம் கடக்கும் வீதத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை விடும். தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பலகை பதித்து வெள்ளை ஓடு ஒட்டுவது நிரந்தரத் தீர்வு. சூரிய மின்தகடுகளைத் தளத்துக்கு மேலே ஓரடி உயர்த்திப் பொருத்தினால், மின்சாரமும் கிடைக்கும். அவையே குடையாகவும் நிற்கும்.

எந்தச் சுவருக்கு நிழல்?

7 பாகை அட்சரேகையில் சூரியன் பெரும்பாலும் உயரத்திலேயே போகிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து வடக்கே பதினாறரை பாகைதான் விலகும். டிசம்பர் 21 அன்று தெற்கே முப்பதரை பாகை. எனவே வடக்கு, தெற்குச் சுவர்களை இரண்டடி, இரண்டரை அடி இறவாரமே காப்பாற்றிவிடும். சிக்கல் கிழக்கிலும் மேற்கிலும்தான். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து சுவரில் நேராக அறையும். அந்தப் பக்கங்களில் தாழ்வாரம், வாழை, கொடிப்பந்தல், மூங்கில் தட்டி ஆகியவற்றில் ஒன்று வேண்டும். தென்னையை மட்டும் சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. தேங்காய் விழும், நிலநடுக்கத்தில் மரமே விழும்.

ஜன்னலின் அளவு அடுத்தது. நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது கட்டட விதி. கேம்பல் பே வெப்ப-ஈரப்பத மண்டலத்தில் வருகிறது. இந்த மண்டலத்தில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது ஈகோ நிவாஸ் சம்ஹிதா. ஆறில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெயில் வறட்டும் மண்டலத்துக்கு அதே விதி 10 விழுக்காடு போதும் என்கிறது. அங்கே அனல்காற்றைத் தடுக்க வேண்டும், இங்கே காற்றைக் கூப்பிட வேண்டும். காற்று நுழையும் ஜன்னலுக்கு எதிரே வெளியேறும் ஜன்னலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று நின்றுவிடும். மே முதல் தென்மேற்கிலிருந்தும் நவம்பர் முதல் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசும் தீவில், இந்த இரு திசைகளையும் மதில் வைத்து அடைப்பது வலியப் போய்ப் புழுக்கத்தை வாங்குவதாகும். கொசுவலை தேவைதான், மலேரியா கண்ட தீவு இது. ஆனால் வலை காற்றின் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடும். வலையை ஜன்னலில் அடிப்பதைவிடத் தாழ்வாரத்தின் அகன்ற பரப்பில் அடித்தால் காற்று தாராளமாக வரும்.

உயர்த்திக் கட்டிய வீட்டின் அறிவு

கார் நிக்கோபார் தீவின் பழைய நிக்கோபாரி வீடுகளைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆள் உயரக் கால்களின் மேல் நிற்கும், குவிந்த தடித்த புல்கூரை வீடுகள். அந்தக் கூரை வெயிலை உள்ளே விடாது. பிளந்த மரச்சட்டங்கள் பரப்பிய தரையின் வழியாகக் கீழிருந்து காற்று வரும். தரை ஈரம் வீட்டைத் தொடாது. பகலில் வீட்டின் அடிநிழலே திண்ணையாகிவிடும்.

செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவரும் முற்றமும் நம் பெருமை. இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட ஊரில் அந்தச் சுவர் இரவின் குளிர்ச்சியைச் சேமித்துப் பகலில் தரும். பகலுக்கும் இரவுக்கும் ஏழெட்டு டிகிரியே வேறுபாடுள்ள தீவில், கனத்த சுவருக்குச் சேமிக்க அவ்வளவு குளிர்ச்சி கிடைப்பதில்லை. பகல் வெப்பத்தை மட்டும் வாங்கி இரவில் உமிழும். இங்கே இலேசான வீடே விரைவில் ஆறும். நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி என்பதால் இலேசான வீடே உயிருக்கும் பாதுகாப்பு. வெப்பம், ஈரம், நடுக்கம் மூன்றுக்கும் ஒரே விடையைக் கண்டுபிடித்தவர்கள் இந்தத் தீவுகளின் பழங்குடி மக்கள்.

விசிறிக்கு முதல் மரியாதை

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை; ஆளைக் குளிர்விக்கிறது. அதனால் ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி முழு வீண். பழைய கூரைவிசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் ஆண்டுக்கு 260 யூனிட் மிச்சம். மூன்று விசிறி உள்ள வீட்டில் 780 யூனிட். அந்த அளவுக்கு 200 லிட்டருக்கு மேற்பட்ட டீசல் எரியாமல் மிஞ்சும். 2023 ஜனவரி முதல் கூரைவிசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது. எரிசக்தித் திறன் செயலகத்தின் ஐந்து நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்கினால் போதும். இந்தக் கட்டுரையிலுள்ள எல்லா யோசனைகளிலும் மிக விரைவில் போட்ட காசைத் திருப்பித் தருவது இதுவே.

ஏர் கூலரும் ஏ.சி.யும்

மெயின்லேண்டிலிருந்து வரும்போது ஏர் கூலர் வாங்கி வருபவர்கள் உண்டு. கூலர் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே அதனால் போகவே முடியாது. வேலூரில் 40 டிகிரி, 25 விழுக்காடு ஈரப்பதமுள்ள பிற்பகலில் அந்த எல்லை 24 டிகிரி. பதினாறு டிகிரி வரை குறைய இடமிருக்கிறது. கேம்பல் பேயில் 30 டிகிரி, 85 விழுக்காட்டில் எல்லை 28. இரண்டு டிகிரிக்கு ஆசைப்பட்டு, ஏற்கெனவே கசகசக்கும் அறைக்குள் இன்னும் ஈரத்தை ஏற்றுகிறோம். இந்த ஊருக்கு ஏர் கூலர் வேண்டவே வேண்டாம்.

ஏ.சி. வேலை செய்யும், ஆனால் பெரும் ஈரத்தோடு போராடித்தான். மேலே சொன்ன வெளிக்காற்றின் ஒரு கனமீட்டரில் ஏறக்குறைய 26 கிராம் நீராவி இருக்கிறது. 25 டிகிரியில் 55 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஏ.சி. அறையில் இருப்பது 13 கிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் காற்று ஒருமுறை முழுதாக மாறினால், ஏ.சி. ஏறக்குறைய அரை லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். அந்த நீராவியை நீராக்க ஆகும் வேலை, அதே காற்றை 30 டிகிரியிலிருந்து 25க்கு இறக்கும் வேலையைப் போல ஐந்து மடங்கு. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக மணிக்கொருமுறை காற்று மாறும் அறையில், பத்து மணி நேர இரவில் கசிவால் மட்டும் ஏறக்குறைய ஒரு யூனிட் போய்விடும். ஐம்பது ரூபாய் ரப்பர் பட்டையால் கதவிடுக்கை அடைப்பது அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஏ.சி. அறையில் ஈரத்துணி காயப்போடுவது அதற்கு நேர் எதிரான செயல்.

இன்னொரு கணக்கு. 30 டிகிரி, 85 விழுக்காட்டுக் காற்றின் பனிநிலை 27 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் வெளிக்காற்று பட்டாலும் அது வியர்க்கும். அறையை 20 டிகிரியில் வைத்தால், பக்கத்து அறைச் சுவரும் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறமும் நனையும். நனைந்த இடத்தில் பூஞ்சணம் பூக்கும். அலமாரித் துணியும் புத்தகமும் அதற்குப் பலி. 2020 ஜனவரி முதல் புதிய ஏ.சி.கள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் ஆணை. ஒரு டிகிரி உயர்த்தினால் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். கேம்பல் பேயில் 26 அல்லது 27 டிகிரியில் ஏ.சி.யை வைத்து, கூடவே விசிறியை மெல்ல ஓடவிடுவதுதான் உடம்புக்கும் சுவருக்கும் பர்ஸுக்கும் நல்லது. காற்று இதமாக இருந்தும் கசகசப்பு மட்டும் தொல்லை தரும் மழைநாளில் ‘டிரை’ முறை போதும்.

கடலோர உப்புக்காற்று ஏ.சி.யின் வெளிப்பெட்டித் தகடுகளை அரிக்கும். தகடுகளில் உப்பு படியப் படிய வெப்பம் வெளியேறுவது தடைப்பட்டு மின்செலவு ஏறும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாதமொருமுறை நன்னீரால் மெதுவாகக் கழுவினால் இயந்திரம் நீண்ட காலம் உழைக்கும். வாங்கும்போதே துருத்தடுப்புப் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஃப்ரிட்ஜுக்கும் இதே நியாயம்தான்: சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பது, தளர்ந்த கதவு ரப்பரை உடனே மாற்றுவது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே நுழைவது சூடு மட்டுமல்ல, பிழிந்தெடுக்க வேண்டிய நீராவியும்கூட.

ஓர் ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேர இரவில் 6 முதல் 8 யூனிட் எடுக்கும். பி.எல்.டி.சி. விசிறி அதே எட்டு மணி நேரத்தில் கால் யூனிட். ஓர் இரவு ஏ.சி.க்கு ஆகும் மின்சாரத்தில் விசிறியை ஏறக்குறைய ஒரு மாதம் ஓட்டலாம்.

செலவின் வரிசை

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, எதில் தொடங்குவது என்று கேட்கும் குடும்பத்துக்கு என் பதில் இந்த வரிசை. முதலில் விசிறிகளை மாற்றுங்கள். இரண்டாவதாகக் கூரையைக் கழுவி வெள்ளையடியுங்கள். தகரமாக இருந்தால் அடியில் தட்டி போடுங்கள். மூன்றாவதாகக் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு நிழல் கொடுங்கள், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். நான்காவதாகக் கூரையில் சூரிய மின்தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு மானியம் உண்டு. இத்தனைக்கும் பிறகு, முதியவருக்கோ நோயாளிக்கோ குழந்தைக்கோ தேவைப்பட்டால் ஒரே ஓர் அறைக்கு ஏ.சி. அதற்குள் அந்த அறைக்கு வேண்டிய ஏ.சி.யின் அளவும் குறைந்திருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர், காய்ந்த தகரத்தைக் குளிர்விக்க மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இருப்பார்.

தீவு முழுவதற்கும் இதே வரிசைதான். போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நம் நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலத் தொகுப்போடு அமைத்தது. மேகம் கடக்கும்போதெல்லாம் சூரிய மின்சாரம் சட்டென்று விழும்; சிறிய தீவு மின்தொகுப்பு அதைத் தாங்க மின்கலம் வேண்டும். மின்கலம் விலையுயர்ந்தது. வீடுகளின் மாலைநேரத் தேவை குறையக் குறைய, வாங்க வேண்டிய மின்கலமும் குறையும். ஒரு கூரைக்கு அடித்த வெள்ளைப்பூச்சு மின்நிலையத்தின் கணக்கிலும் வரவாகிறது.

இனி எழப்போகும் வீடுகள்

கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகம், விமான நிலையம், புதுநகரம், 450 எம்.வி.ஏ. எரிவாயு-சூரிய மின்நிலையம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. மழைக்காட்டுக்கும் ஷோம்பென், நிக்கோபாரி பழங்குடி மக்களின் உரிமைக்கும் அத்திட்டம் செய்யக்கூடிய கேட்டைப் பற்றிய கேள்விகள் பெரியவை. அவற்றுக்கு உரிய விடை வேண்டும். அதன் போக்கு எதுவானாலும், சில ஆயிரம் பேர் வாழும் தீவில் புதிய வீடுகளும் குடியிருப்புகளும் எழத்தான் போகின்றன. கண்ணாடி முகப்பும் அடைத்த ஜன்னலுமாக அவை எழுந்தால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அவற்றைக் குளிர்விக்க எரிபொருள் கப்பல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் கூரை வரம்பும் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் விதியும் இந்தத் தீவில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும், அரசு ஊழியர் குடியிருப்பு உட்பட, கட்டாயமாக வேண்டும். ஏற்கெனவே தகரத்தின் கீழ் வாழும் குடும்பங்களுக்குத் தட்டியும் வெள்ளைப்பூச்சும் அரசுச் செலவில் போட்டுக் கொடுக்கலாம். டீசல் மானியத்தில் மிஞ்சும் பணமே அதற்கு ஈடாகும். வீடு கட்டப்போகிறவர்கள் மேஸ்திரியிடம் கூரையின் நிறத்தையும் அடுக்கையும் ஜன்னலின் திசையையும் முதலில் பேசி முடியுங்கள். ஏ.சி. எத்தனை டன் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்; பல வீடுகளில் அந்தப் பேச்சுக்கே தேவை இருக்காது.